கப்பலில் இரவுச் சாப்பாடு: குறித்த பந்தியா, நினைத்த நேரமா?

செம்பூர்வாசி
சனி, இரவு 9.40

மே விடுமுறையில் மும்பையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம். பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுத் திரும்புகிறது. நாங்கள் ஏழு பேர்: நானும் கணவரும், பிள்ளைகள் இருவர், மாமனார், மாமியார், நாத்தனார். பணமெல்லாம் கட்டியாயிற்று. படிவத்தில் ஒரே ஒரு கேள்வி மட்டும் பதில் எழுதாமல் நிற்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு மாலை 5.30 பந்தி, இரவு 8 மணிப் பந்தி, இரண்டும் வேண்டாமென்றால் நேரம் குறிக்காமல் விருப்பம்போல வருவது. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். பயண முகவரைக் கேட்டால், "எல்லாம் ஒரே சாப்பாடுதான் மேடம், எதையாவது டிக் செய்து அனுப்புங்கள்" என்கிறார். ஒரே சாப்பாட்டுக்கு எதற்கு மூன்று கட்டம் என்று கேட்டேன். சிரிக்கிறார்.

மாமனாருக்குச் சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி. மாமியார் சுத்த சைவம், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். சின்னவனுக்கு ஆறு வயது. ஒன்பது மணி அடித்தால் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவான். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நவிமும்பை நண்டு
சனி, இரவு 9.58

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நேரம் குறிக்காத முறையை எடுங்கள். வருடம் முழுவதும் ஃபாஸ்ட் லோக்கலைப் பிடிக்க ஓடுகிறோம். விடுமுறைக்குப் போன இடத்திலும் கடிகாரத்துக்குக் கைகட்டி நிற்க வேண்டுமா?

புக்கெட்டில் கரை இறங்கிச் சுற்றினால் கப்பலுக்குத் திரும்ப மாலையாகிவிடும், உடம்பெல்லாம் மணலும் வியர்வையும். ஏழு பேரும் குளித்து உடுத்திக்கொண்டு 5.30-க்கு மேசையில் இருக்க முடியுமா என்று நீங்களே பாருங்கள். விருப்ப நேர முறையில் ஏறக்குறைய 5.30 முதல் 9.30 வரை உணவுக்கூடம் திறந்திருக்கும். பசித்தபோது போகலாம்.

நார்வீஜியன் கப்பல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே 'ஃப்ரீஸ்டைல் குரூயிசிங்' என்று சொல்லிப் பந்தி முறையைத் தூக்கிப் போட்டுவிட்டது. பிறகு ராயல் கரீபியன் 'மை டைம்', கார்னிவல் 'யுவர் டைம்', பிரின்சஸ் 'எனிடைம்' என்று ஆளுக்கொரு பெயரில் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் கேட்டதால்தானே வந்தது?

மாட்டுங்கா மாமா
சனி, இரவு 10.25

நண்டுத் தம்பி, ஜனங்கள் கேட்டார்கள், சரி. பந்தியை ஒழிக்க முடிந்ததா? அந்தப் படிவத்திலேயே பந்திக்கு இரண்டு கட்டம், உங்கள் முறைக்கு ஒன்று.

செம்பூர்வாசி அம்மா, குறித்த பந்தி என்றால் நேரம் மட்டுமில்லை. பயணம் முடியும்வரை ஒரே மேசை, ஒரே வெயிட்டர், அவருக்கு ஒரே உதவியாளர். நானும் மனைவியும் போனபோது எங்களுக்கு வாய்த்தவர் வசாய்க்காரர். முதல் இரவு நான் வெந்நீரும் பச்சை மிளகாயும் கேட்டேன். மனைவி ஐஸ் போடாத தண்ணீர் கேட்டாள். மூன்றாம் இரவு நாங்கள் நாற்காலியை இழுப்பதற்குள் என் இடத்தில் மூடி போட்ட எஃகுக் குடுவையில் வெந்நீர் நிற்கிறது. வெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு சாஸ் கிண்ணம்; அதில் காம்பு கிள்ளிக் குறுக்கே நறுக்கிய பச்சை மிளகாய், மேலே இரண்டு கல் உப்பு. உப்பு நான் கேட்கவே இல்லை. முந்தின நாள் உப்புக்குப்பியைத் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறார்.

தினம் ஒரு மேசை, தினம் ஒரு வெயிட்டர் என்றால் தினமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். உங்கள் மாமியார் விஷயத்தில் அது சின்ன வேலை இல்லை.

நவிமும்பை நண்டு
சனி, இரவு 10.41

மாமா, மிளகாய் வைத்த வெயிட்டரைச் சொன்னீர்கள், மேசைத் துணைவர்களைச் சொல்லவில்லையே. இருவராகப் போனால் ஆறு பேர், எட்டுப் பேர் மேசையில் தெரியாதவர்களோடு உட்கார வைப்பார்கள். எங்களுக்கு வாய்த்தவர் பவாயில் வீடு விற்ற கதையை ஒவ்வோர் இரவும் தவணை முறையில் சொன்னார். கடைசி இரவுவரை பத்திரப் பதிவு முடியவில்லை. மனைவி மூன்றாம் நாளே தலைவலி என்று சொல்லி, நாமே எடுத்துப் போட்டுச் சாப்பிடும் பஃபேக்கு மாறிவிட்டாள். விருப்ப நேரத்தில் இருவர் மேசை கேட்டு வாங்கலாம்.

முலுந்து மீனாட்சி
சனி, இரவு 11.05

நண்டு அவர்களே, உங்களுக்குத் தலைவலி தருவது எனக்கு மருந்து. நான் தனியாகப் பயணம் செய்கிறவள். குறித்த பந்தியில் பெரிய மேசை வேண்டும் என்று கேட்டே வாங்குவேன். பகலெல்லாம் தனியாகச் சுற்றலாம், புத்தகம் படிக்கலாம், அது சுகம். இரவு எட்டு மணிக்கு "இன்றைக்கு எங்கே போனீர்கள்?" என்று கேட்க நாலு பேர் இருப்பது இன்னொரு சுகம். விருப்ப நேரத்தில் தனி ஆளாகப் போனால் தூணுக்குப் பின்னால் ஒரு மேசை கிடைக்கும், அல்லது "வேறு யாருடனாவது உட்காரச் சம்மதமா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். தினமும் புதிய முகங்கள், தினமும் ஊர் பெயர் வேலை விசாரிப்பு. சலித்துவிடும்.

மேசையில் உள்ளவர்கள் பிடிக்கவில்லையென்றால் மறுநாள் காலையிலேயே தலைமை வெயிட்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள். பவாய்க் கதையை முழுக்கக் கேட்டது உங்கள் பெருந்தன்மை.

செம்பூர்வாசிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஏழு பேர் என்றால் மேசை முழுவதும் நீங்கள்தான்.

கப்பல்காரன்
ஞாயிறு, காலை 7.15

பல வருடம் கப்பல் உணவுக்கூடத்தில் தட்டுத் தூக்கியவன் என்ற முறையில் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பந்தி முறை பிறந்ததே இடப் பற்றாக்குறையால்தான். கப்பலில் ஏறிய அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் அளவுக்குக் கூடம் கட்டினால் அறைகள் குறையும், வருமானம் குறையும். ஆகவே பாதிப் பேர் முதலில், பாதிப் பேர் பிறகு. அரங்க நிகழ்ச்சியும் இதை ஒட்டித்தான் ஓடும்: முதல் பந்தி சாப்பிடும்போது இரண்டாம் பந்திக்காரர்கள் அரங்கில் இருப்பார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள். முதல் பந்திக்காரர்கள் எழுந்து போன பிறகு துணி மாற்றி, கண்ணாடிக் குவளைகளை அடுக்கி, கரண்டிகளை நேராக வைப்பதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். அதனால் முதல் பந்தியில் காப்பி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடும். "எழுந்திருங்கள்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சுற்றியுள்ள மேசைகளில் துணி உருவும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டாம் பந்தியில் அந்த அவசரம் இல்லை. சாவகாசமாகப் பேசிக்கொண்டு உட்காரலாம்.

விருப்ப நேரத்தில் சமையலறைக்கு நல்லது, கூட்டம் பரவலாக வரும் என்று காகிதத்தில் போடுவார்கள். நடப்பில் ஏழிலிருந்து எட்டுக்குள் பாதிக் கூட்டம் வாசலுக்கு வந்துவிடும். மேசை தயாரானதும் ஒலிக்கும் பேஜர் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், அல்லது ஃபோனில் செய்தி வரும். இருவர் மேசை சீக்கிரம் கிடைக்கும். ஏழு பேர் மேசைக்கு ஒரு குடும்பம் மொத்தமாக எழுந்திருக்க வேண்டும். அதுவரை பெரியவர்களும் குழந்தையும் நிற்க வேண்டியதுதான்.

சைவக்காரர்களுக்கு முக்கியமான சேதி. உணவுப் பட்டியல் அட்டையில் சைவம் என்று இலைக்குறி போட்டிருந்தாலும் கேட்டுச் சாப்பிடுங்கள். காய்கறி சூப் என்று பெயர் இருக்கும், அடியில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். மூஸ் போன்ற இனிப்புகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் வரும். புது பாஸ்தாவில் முட்டை, மயோனைஸில் முட்டை. குறித்த பந்தியில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு: உணவுக் கட்டுப்பாடு இருப்பவர்களுக்கு இன்றைய சாப்பாடு முடியும்போதே நாளைய அட்டையைத் தலைமை வெயிட்டர் கொண்டுவந்து காட்டுவார். எது வேண்டும், எதை நீக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்தத் தட்டு மேசை எண் எழுதித் தனியாகத் தயாராகும். விருப்ப நேரத்திலும் இதைச் செய்து தருவார்கள். ஆனால் நீங்கள் நாளை எங்கே உட்காருவீர்கள் என்று யாருக்கும் தெரியாது என்பதால் சீட்டு ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

எதை எடுத்தாலும், பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே கட்டுப்பாட்டை எழுத்தில் பதிவு செய்யுங்கள். முகவர் "சொல்லிவிட்டேன்" என்று சொல்வது போதாது. நிறுவனத்தின் உறுதிச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

நவிமும்பை நண்டு
ஞாயிறு, காலை 9.30

கப்பல்காரன் அண்ணா, ஃபோன் செயலியிலேயே ஏழு பேருக்கு நேரம் பதிவு செய்யலாமே? தினமும் 6.45 என்று போட்டுவிட்டால் வாசலில் நிற்கவே வேண்டாம்.

மாட்டுங்கா மாமா
ஞாயிறு, காலை 9.44

தினமும் 6.45 என்று போட்டுவிட்டால் அதற்குப் பெயர் குறித்த நேரம்தானே தம்பி? சுற்றி வளைத்து எங்கள் கட்சிக்கே வந்து சேர்ந்தீர்கள். பேஜரோடு வாசலில் நிற்பது எனக்கு எங்கள் மாட்டுங்கா ராம நாயக் சாப்பாட்டுக் கடையில் கூப்பனோடு பெஞ்சில் காத்திருப்பதுபோல இருந்தது. அங்கேயாவது உட்கார்ந்ததும் இலையும் ரசமும் வரும்.

கப்பல்காரன்
ஞாயிறு, காலை 10.10

நண்டு சொல்வது சரியான வழிதான், பலருக்குத் தெரியாது. இன்னும் ஒரு படி மேலே போகலாம். கப்பல் ஏறிய அன்று மதியமே உணவுக்கூட வாசலில் தலைமை வெயிட்டரைப் பார்த்து, "தினமும் இதே நேரம், இதே வெயிட்டரின் பகுதி" என்று கேளுங்கள். கூட்டம் குறைவான பயணத்தில் ஒத்துக்கொள்வார்கள். நிரம்பிய பயணத்தில் "முயற்சி செய்கிறோம்" என்பார்கள். மே மாதம் பள்ளி விடுமுறை, இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருக்கும். நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று. பந்தியே வேண்டாம் என்று ஒரு பெரிய நிறுவனம் துணிந்து பார்த்துவிட்டது. 2014-இல் சேவைக்கு வந்த குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் ராயல் கரீபியன் பெரிய உணவுக்கூடத்தையே எடுத்துவிட்டு கிராண்ட், சிக், சில்க், அமெரிக்கன் ஐகான் கிரில் என்று நான்கு உணவகங்களாகப் பிரித்தது. பெயர் 'டைனமிக் டைனிங்'. ஒவ்வோர் இரவுக்கும் எந்த உணவகம், எத்தனை மணி என்று பயணிகளே பதிவு செய்துகொள்ள வேண்டும். எங்கும் புகார் மயம். "என் வெயிட்டர் எங்கே?" என்பது பழைய பயணிகளின் கேள்வி. முதலில் குறித்த நேரமும் அதே வெயிட்டரும் கூடவே வரும்படி 'கிளாசிக்' என்று ஒரு திருத்தம் செய்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் பழைய பந்திக்கும் மை டைமுக்கும் திரும்பிவிட்டார்கள்.

டிஸ்னி கப்பல்களில் வேறு தந்திரம்: நேரம் மாறாது, உணவகம் தினமும் மாறும், வெயிட்டர் உங்களோடு கூடவே வருவார். குழந்தைகளுக்குப் புது இடம், பெரியவர்களுக்குத் தெரிந்த முகம். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் யோசித்துச் செய்த ஏற்பாடு அதுதான்.

மாட்டுங்கா மாமா
ஞாயிறு, காலை 11.20

விருப்ப நேரம் நார்வீஜியன் கண்டுபிடித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1905-இல் ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் அமெரிக்கா என்ற கப்பலிலேயே ரிட்ஸ்-கார்ல்டன் என்று தனிக் கட்டண உணவகம் இருந்தது. டைட்டானிக்கில் முதல் வகுப்புக் கூடத்துக்குக் கொம்பு ஊதிக் கூப்பிடுவார்கள். அந்த நேரம் பிடிக்காத பணக்காரர்களுக்குக் காலை 8 முதல் இரவு 11 வரை திறந்திருக்கும், வேண்டியதைச் சொல்லி வாங்கிச் சாப்பிடும் அலா கார்ட் உணவகம் வேறு. காசு உள்ளவனுக்கு நேரம் வளைந்து கொடுப்பது அன்றைக்கே உண்டு.

நம் பம்பாயிலிருந்து 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி கிளைட் கப்பலில் லண்டன் புறப்பட்ட காந்தி, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல், எதில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூச்சப்பட்டு, பொது மேசைக்கே போகவில்லை. கொண்டுபோன இனிப்பும் பழமும்தான், அறைக்குள்ளேயே. உங்கள் மாமியாரை அந்த நிலைக்கு விடாதீர்கள்.

நெறியாளர்
ஞாயிறு, காலை 11.32

மாமா, வரலாற்றுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே மே மாதத்துக்குள் படிவம் போக வேண்டும்.

சயான் மருத்துவர்
ஞாயிறு, மதியம் 12.05

இன்சுலின் பற்றிச் சுருக்கமாக. உணவுக்குச் சற்று முன் போடும் வேக இன்சுலினாக இருந்தால், நேரத்தைவிட முக்கியம் ஊசிக்கும் முதல் கவளத்துக்கும் உள்ள இடைவெளி. அறையில் போட்டுக்கொண்டு வாசல் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கிவிடும். மேசையில் உட்கார்ந்து ரொட்டிக் கூடை வந்த பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கப்பல் சாப்பாடு ஒன்றன்பின் ஒன்றாக வரும். முழுதாக முடிய ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். அரிசியோ பாஸ்தாவோ உள்ள தட்டு கடைசியில்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம். அவருக்கு மட்டும் முதன்மைத் தட்டை சூப்போடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லலாம். பையில் குளுக்கோஸ் பிஸ்கட் எப்போதும் இருக்கட்டும். நேர வித்தியாசத்துக்கு அளவை மாற்றுவதா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இணையத்தில் முடிவு செய்யாதீர்கள்.

தாணே கணக்குப்பிள்ளை
ஞாயிறு, மதியம் 12.50

மருத்துவர் நேர வித்தியாசம் என்றதும்தான் வாயைத் திறக்கிறேன். எல்லாரும் 5.30, 8 என்று பேசுகிறீர்கள், எந்த ஊர் 8? சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். கப்பலில் மாலை 5.30 என்றால் செம்பூரில் பிற்பகல் 3 மணி. மதியச் சாப்பாடு இறங்கியிருக்காது. கப்பலில் இரவு 8 என்றால் இங்கே 5.30, டிபன் நேரம். சின்னவன் தூங்கும் ஒன்பது மணி கப்பலில் 11.30. மாமனார் வீட்டில் எட்டுக்குச் சாப்பிடுகிறவர் என்றால் அது அங்கே 10.30. நான்கு இரவில் வயிறு புது நேரத்துக்குப் பழகுமுன் ஊர் திரும்பிவிடுவீர்கள். ஆகவே இரண்டாம் பந்திதான்.

இதையே ஐரோப்பாப் பக்கம் போகிறவர்கள் திருப்பிப் போட வேண்டும். கோடையில் பார்சிலோனா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 8.30 பந்தி நமக்கு நள்ளிரவு 12. மாலை 6 மணிப் பந்தி நமக்கு 9.30, மும்பையில் பாதி வீடுகளில் அடுப்பை அணைக்கும் நேரம். என் தங்கை குடும்பம் அங்கே "வெளிச்சம் இருக்கும்போதே யார் சாப்பிடுவார்கள்?" என்று இரண்டாம் பந்தி எடுத்துவிட்டு, இனிப்பு வருமுன் மேசையிலேயே தூங்கி வழிந்தார்கள்.

புக்கெட்டில் உள்ளூர் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுகிறதா இல்லையா என்பதை அன்றைய அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைவிடக் கப்பலைத் தவறவிடாமல் இருக்க இது முக்கியம்.

முலுந்து மீனாட்சி
ஞாயிறு, மதியம் 1.15

கணக்கு சரி, கணக்குப்பிள்ளை அவர்களே. ஆனால் மும்பையிலிருந்து பலரும் இரவு விமானத்தில் போய், தூங்காமல் அன்றைக்கே கப்பல் ஏறுகிறார்கள். அந்த முதல் இரவு மட்டும் எந்தக் கணக்கும் செல்லாது. ஏழு மணிக்கெல்லாம் குழந்தையும் பெரியவர்களும் கவிழ்ந்துவிடுவார்கள். அன்றைக்கு மாலையே பஃபேயில் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். குறித்த பந்திக்கு ஒருநாள் போகாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், வெயிட்டருக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும்.

டோம்பிவிலி டப்பாவாலா
ஞாயிறு, மதியம் 2.40

இத்தனை தலைவலி எதற்கு? மும்பையிலிருந்தே புறப்படும் கார்டீலியா கப்பலில் போயிருக்கலாம். விமானமும் இல்லை, கடிகார மாற்றமும் இல்லை, ஜைன உணவுகூடக் கிடைக்கும். 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய பழைய கப்பல்தான், ஆனால் கோவா போய்வர அது போதும்.

செம்பூர்வாசி
ஞாயிறு, மாலை 4.20

டப்பாவாலா அண்ணா, பணம் கட்டிய பிறகு இந்த யோசனை! அடுத்த முறை பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கை மாமனாரிடம் காட்டினேன். "பிற்பகல் மூன்று மணிக்கு என்னை யாரும் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 8 மணிப் பந்தி என்று படிவத்தை அனுப்புகிறேன். ஏழு பேருக்கு ஒரே மேசை, முட்டை இல்லாத சைவம் ஒருவருக்கு, சர்க்கரைக்காரர் ஒருவர் என்று எழுதி உறுதிச் சீட்டில் வரும்படி கேட்டிருக்கிறேன். முகவர் இப்போது சிரிக்கவில்லை. கணவருக்கு மட்டும் நண்டு அவர்கள் பக்கம் ஒரு சாய்வு, "தினமும் எட்டுக்குக் கட்டாயமா?" என்று இன்னும் முனகுகிறார்.

இரண்டு சந்தேகம். குறித்த பந்தியில் டிப்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டுமா? மாமியார் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்துவருவேன் என்கிறார். விடுவார்களா?

நவிமும்பை நண்டு
ஞாயிறு, மாலை 4.35

உங்கள் கணவரை என் சார்பில் கேட்டதாகச் சொல்லுங்கள். எட்டுக்குப் பிடிக்காத அன்று அவர் பஃபே போகட்டும், தட்டுக்கு மேல் கடலும் தெரியும்.

டிப்ஸ்: முன்பெல்லாம் கடைசி இரவு உறையில் போட்டு வெயிட்டர் கையில் கொடுப்பார்கள். இப்போது பெரிய அமெரிக்க நிறுவனங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் அளவில் கணக்கில் தானே ஏறிவிடும். பந்தியோ விருப்ப நேரமோ, ஒரே தொகை. குழந்தைக்கும் சேர்த்துப் போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல்காரன்
ஞாயிறு, மாலை 5.50

அதற்கு மேல் உங்கள் வெயிட்டருக்குக் கொடுக்க விரும்பினால் கையில் கொடுங்கள், கட்டாயம் இல்லை.

பொடி, ஊறுகாய்: கடையில் வாங்கி முத்திரை உடைக்காத பொட்டலமாக இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். வீட்டில் செய்து பாட்டிலில் அடைத்ததைப் பல நிறுவனங்கள் கப்பலில் ஏற்றுவதில்லை. எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். ஆகவே மாமியாரின் கைப்பக்குவம் செம்பூரிலேயே இருக்கட்டும், மாட்டுங்கா மார்க்கெட்டில் சீல் போட்டது வாங்கிக்கொள்ளுங்கள். மேசையில் வைத்துச் சாப்பிடுவதை எந்த வெயிட்டரும் தடுக்கமாட்டார். வெறும் சாதம் கேட்டால் தருவார்கள், அட்டையில் இல்லாவிட்டாலும். நல்லெண்ணெய்க்கு வழியில்லை. முதல் இரவே நெய் இருக்கிறதா என்று கேட்டு வைத்துவிடுங்கள். இந்தியச் சமையல்காரர் இருக்கும் கப்பல் என்றால் மறுநாள் வந்துவிடும்.